61 மதிப்பெண் தூக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு வயது 43. இரண்டு வருடமாக ஸ்மார்ட் வாட்ச் கட்டுகிறேன், தூங்கும்போதும் கழற்றுவதில்லை. காலையில் எழும்போது உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாட்ச்சில் தூக்கம் 61 என்று பார்த்துவிட்டால் அன்று முழுக்க அசதி.

தனியாக இருக்கும் என் அம்மாவுக்கும் (வயது 71) ஒன்று வாங்கிக் கட்டிவிட்டேன். அவரது துடிப்பு, ஆக்சிஜன், நடை எல்லாம் என் போனில் தெரியும். போன வாரம் அதிகாலை 3 மணிக்கு அவருக்கு ரத்த ஆக்சிஜன் 88 சதவீதம் என்று காட்டியது. பதறிப்போய்க் கூப்பிட்டேன். "நல்லாத்தான் இருக்கேன், நீ தூங்குப்பா" என்றார். பட்டை படும் இடம் சிவந்து அரிக்கிறதாம். நான் கவலைப்படுவேன் என்று கழற்றாமலே இருக்கிறார்.

என் கேள்விகள்: 24 மணி நேரமும் புளூடூத் கதிர்வீச்சு கையில் பட்டால் புற்றுநோய் வருமா? நம் உடல் தகவல்கள் நிறுவனங்களிடம் போவது ஆபத்தா? இதைவிடத் துல்லியமானது எது, ஸ்மார்ட் மோதிரம் வாங்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

முதல் கேள்வியை விட்டுவிடுங்கள். வாட்ச்சின் புளூடூத் வெளியிடுவது பெரும்பாலும் 1 முதல் 10 மில்லிவாட். 4ஜி போன் சிக்னல் மோசமான இடத்தில் 200 மில்லிவாட் வரை போகும். அதைக் காதோடு ஒட்டிவைத்துப் பேசுகிறீர்கள், அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இரண்டுமே மரபணுவை உடைக்கும் ஆற்றல் இல்லாத அலைகள்தான்.

தகவல் போவது பற்றி: போகத்தான் செய்யும். ஓட்டக்காரர்களுக்கான ஸ்ட்ராவா செயலி பயனர்களின் பாதைகளையெல்லாம் சேர்த்து ஒரு வரைபடமாக வெளியிட்டது. அதில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் பளிச்சென்று தெரிவதை 2018 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். சிப்பாய்கள் ரகசியம் எதையும் எழுதவில்லை, ஓடினார்கள், அவ்வளவுதான். இருப்பிடப் பகிர்வை அணைத்து வையுங்கள். மோதிரம் வாங்குவதா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், வந்தால்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 61. "அளவு" என்ற சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி வைத்திருக்கிறேன். அதற்கான உதாரணத்தை நீங்களே அனுப்பிவிட்டீர்கள்.

61 என்றால் 61 என்ன? எடை என்றால் கிலோ, ரத்த அழுத்தம் என்றால் மில்லிமீட்டர் பாதரசம், காய்ச்சல் என்றால் டிகிரி. உங்கள் தூக்கத்துக்கு அலகு ஏது? அலகே இல்லாத எண்ணுக்கு நம் மொழியில் அருமையான சொல் இருக்கிறது: குத்துமதிப்பு. கண்ணால் பார்த்து ஒருவர் "ஒரு அறுபது இருக்கும்" என்றால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வோம். அதையே கண்ணாடித் திரையில் வட்டம் போட்டுக் காட்டினால் படுத்துவிடுகிறோம்.

தூக்கத்தை உண்மையில் எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். ஆய்வகத்தில் உச்சந்தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்வார்கள். கண்ணோரம் சில ஒட்டிக் கண் அசைவையும், தாடையில் ஒட்டித் தசையின் இறுக்கத்தையும் எடுப்பார்கள். பிறகு இரவு முழுவதையும் 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து இது விழிப்பு, இது லேசான உறக்கம், இது ஆழ்ந்தது, இது கனவுகள் மிகும் ரெம் உறக்கம் என்று குறிப்பார். அதே பதிவை இன்னொரு நிபுணரிடம் கொடுத்தால் பத்துத் துண்டுகளில் ஏறத்தாழ எட்டில்தான் இருவரும் ஒத்துப்போவார்கள். தலை நிறைய வயரோடு எடுத்த பதிவுக்கே இந்த நிலை.

உங்கள் மணிக்கட்டில் இருப்பது என்ன? அசைவைக் காட்டும் முடுக்கமானி ஒன்று. கூடவே ஒரு பச்சை விளக்கும் ஒளி உணரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடுகிறது, திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி. அசைவும் நாடியும், முக்கியமான மூலப்பொருள் இவ்வளவுதான். மூளையைப் பற்றி மணிக்கட்டுக்கு எதுவும் தெரியாது. கை அசையவில்லையா, தூக்கம். நாடி இறங்கிச் சீராக இருக்கிறதா, ஆழ்ந்த தூக்கம். அசைவில்லை ஆனால் நாடி ஏறி இறங்குகிறதா, ரெம். விதிகளைக் கணினி லட்சக்கணக்கான இரவுகளிலிருந்து கற்றிருக்கலாம். கற்றது யூகிக்கத்தான்.

அதனால்தான் படுத்தபடி அசையாமல் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் கவலைப்பட்டால் அதுவும் தூக்கக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நிஜமாகவே தூக்கம் வராதவருக்குத்தான் கருவி அதிகம் பிழைக்கும். மொத்தம் எத்தனை மணி நேரம் படுக்கையில் கிடந்தீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். "ஆழ்ந்த உறக்கம் 47 நிமிடம்" என்பதை நம்பாதீர்கள். அந்த நிமிடக்கணக்கு, நாடி, துடிப்புகளுக்கிடையிலான இடைவெளி எல்லாவற்றையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து வடிப்பதுதான் மதிப்பெண். விகிதம் என்னவென்று முழுதாகச் சொல்ல மாட்டார்கள். நாளை ஒரு அப்டேட் வந்து சூத்திரம் மாறினால், அதே உடம்பு, அதே இரவு, எண் வேறாகும்.

இன்னும் கேளுங்கள். நேர்மையான கருவி "50-க்கும் 72-க்கும் நடுவில் எங்கோ" என்று சொல்லும். அல்லது "நேற்று பட்டை தளர்ந்துவிட்டது, தெரியவில்லை" என்று சொல்லும். நம் கருவிகள் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிவிடுவதுதான் வழக்கம். வெற்றுத் திரை காட்டும் பொருளை யார் வாங்குவார்கள்?

அசதி பொய் என்று சொல்லவில்லை. அது நிஜம், ஆனால் இரவிலிருந்து வரவில்லை. 2014-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய சோதனை செய்தார்கள். மாணவர்களுக்குப் போலியாகக் கருவியை மாட்டி, சிலரிடம் "உங்கள் ரெம் உறக்கம் 28.7 சதவீதம், பிரமாதம்" என்றும், சிலரிடம் "16.2 சதவீதம், மோசம்" என்றும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். பிறகு கவனத்தைச் சோதிக்கும் தேர்வு வைத்தால், நல்ல எண் கேட்டவர்கள் நன்றாகவும் கெட்ட எண் கேட்டவர்கள் மோசமாகவும் செய்தார்கள். 2017-ல் தூக்க மருத்துவர்கள் இதற்கு "ஆர்த்தோசோம்னியா" என்று பெயரே வைத்தார்கள். கருவிக்குப் பிடித்தபடி தூங்கும் வெறி. எண்ணைக் கூட்டப் படுக்கையிலேயே கூடுதல் நேரம் கிடப்பது, அதனாலேயே தூக்கம் மேலும் கெடுவது. ஆய்வகத்தில் நன்றாகத் தூங்கியதாகப் பதிவான பிறகும், அப்படியானால் என் கருவி ஏன் வேறு சொல்கிறது என்று கேட்ட நோயாளியும் அந்தக் கட்டுரையில் வருகிறார். ர., அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உங்கள் உடம்பு காலையில் நன்றாக இருந்ததாக நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இது. ஒரு தாளும் பேனாவும் தலைமாட்டில் வையுங்கள். 14 நாள். எழுந்ததும், திரையைப் பார்க்கும் முன், தூக்கம் எப்படி என்று 1 முதல் 5-க்குள் ஒரு எண் எழுதுங்கள். மாலையில் அன்றைய அசதிக்கு இன்னொரு எண். அந்த 14 நாளும் வாட்ச் மதிப்பெண்ணைப் பார்க்கக் கூடாது, தூக்க அட்டையை முகப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். பதினைந்தாம் நாள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். குறட்டை, மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகுவது, இதெல்லாம் இருந்தால் தாளும் வேண்டாம் வாட்ச்சும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

நாடியைச் சோதிப்பது இன்னும் எளிது. கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலில் வழுக்காதபடி கட்டுங்கள். இருட்டில் பாருங்கள், ஓரத்தில் பச்சை ஒளி கசிந்தால் தளர்வு. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறு கையில் விரல் வைத்து 60 விநாடி முழுக்க எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்புப் பிழை நான்காகிவிடும். உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் ஒத்துப்போகும். ஓடும்போதுதான் வேடிக்கை. கை வீச்சின் தாளத்தை நாடி என்று கருவி எடுத்துக்கொள்ளும். 168 என்று காட்டும்போது சட்டென்று நில்லுங்கள். இரண்டே விநாடியில் 130-க்கு விழுந்தால், அதுவரை அது எண்ணிக்கொண்டிருந்தது உங்கள் ஓட்டத்தின் அசைவை. இதயம் அவ்வளவு வேகமாக இறங்காது.

கலோரியைப் பற்றிக் கேட்காததற்கு நன்றி. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். கலோரியில் ஆகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிழை, ஆக மோசமானது 93. நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பதும் மருத்துவர் எழுதிய மருந்தல்ல. 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற நடைமானியின் பெயர் மன்போ-கெய், அதாவது பத்தாயிரம் அடி மானி.

இப்போது அம்மா.

அந்த 88-ஐ முதலில் முடிப்போம். விரல் நுனியில் மாட்டும் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பையும் விரலுக்கு ஊடாகச் செலுத்தி அளக்கிறது. வாட்ச்சில் ஒளி தோலில் பட்டுத் திரும்புவதை வைத்துக் கணக்கு. மணிக்கட்டில் எலும்பும் தசைநாரும்தான் அதிகம், சிக்னல் பலவீனம். கை தலைக்கடியில் அமுங்கினாலோ, குளிர்ந்தாலோ, பட்டை நகர்ந்தாலோ எண் சரியும். எதிர்த்திசையிலும் பிழை வரும்: கருந்தோலில் விரல் கருவிகளே நிஜத்தைவிடக் கூட்டிக் காட்டுவதாக 2020-ல் வெளிவந்த ஆய்வும் உண்டு. ஆக, தனியாக நிற்கும் ஒரு 88-க்கு அர்த்தம் கிடையாது. விரல் கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கையைச் சூடாக வைத்து, அசையாமல், ஒரு நிமிடம் விட்டுப் பார்க்கட்டும். 95-ம் அதற்கு மேலும் இயல்பு. திரும்பத் திரும்ப 92-க்குக் கீழே வந்தாலோ, எண் எதுவானாலும் மூச்சு வாங்கினாலோ மருத்துவர்.

இனி உங்களைத் திட்டப்போகிறேன். அரிப்பைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கதிர்வீச்சுக்குத் தாவிவிட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே உறுதியான தகவல் அதுதான். ஒரு 71 வயதுப் பெண்மணி, மகன் பயப்படுவான் என்று, அரிக்கிற கையோடு தூங்குகிறார். அவரைப் பார்த்துக்கொள்ள நீங்கள் கட்டிய கருவியை வைத்து அவர் உங்களைப் பார்த்துக்கொள்கிறார். அவரது ஆக்சிஜன் உங்களுக்கு வந்தது, அரிப்பு வரவில்லை. அரிப்புக்கு உணரி இல்லை. அது பேசும்போதுதான் வெளியே வரும், அதுவும் அதிகாலை 3 மணிக்குக் கூப்பிட்டதால் வந்தது. பகலில் எத்தனை முறை கூப்பிடுகிறீர்கள்? பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

வாட்ச்சைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. விழுந்தால் அழைக்கும் வசதி அம்மாவுக்குத் தேவை, அது இருக்கட்டும். ஒழுங்கற்ற துடிப்பைச் சொல்வதும் இருக்கட்டும். ஆப்பிள் வாட்ச் வைத்து 4,19,297 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. எச்சரிக்கை வந்தது சுமார் 0.5 சதவீதம் பேருக்கு, 65 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம். எச்சரிக்கை வந்தபின் மார்பில் இ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) உறுதியானது. அது வந்து வந்து போகிற கோளாறு என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பயன் உண்டு, ஆனால் அது மருத்துவரிடம் போவதற்கான காரணம் மட்டுமே. இரவு நேர ஆக்சிஜன், மன அழுத்தம், தூக்க மதிப்பெண் மூன்றையும் அம்மாவின் வாட்ச்சில் அணைத்துவிடுங்கள். உங்கள் போனுக்கு எது வரவேண்டும் என்பதை அவரையே கேட்டு, அவர் முன்னாலேயே பகிர்வை மாற்றுங்கள்.

உங்கள் வாட்ச்சில், போனுக்கு வருவதெல்லாம் கைக்கும் வருகிற அமைப்பை அணையுங்கள். பிறகு அழைப்பை மட்டும் திறங்கள். கையைத் தூக்கினால் திரை எரியும் வசதியையும் நிறுத்துங்கள். மோதிரம்? விரலில் நாடி சிக்னல் மணிக்கட்டைவிட நன்றாகக் கிடைக்கும். மூளை அங்கேயும் இல்லை.

அரிப்புக்கு: பட்டைக்கடியில் வியர்வையும் சோப்பும் தேங்கித்தான் பெரும்பாலும் வருகிறது. பட்டையைக் கழற்றி வெறும் தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்துக் காயவையுங்கள். சிவப்பு முழுதாக மறையும்வரை அந்தக் கையில் கட்டவே வேண்டாம். பிறகு மறு கையில், பகலில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாக. சிலிகான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் துணிப் பட்டை மாற்றலாம். கொப்புளமோ நீர்வடிதலோ இருந்தால் தோல் மருத்துவர். குளிக்கும்போது கழற்றி, கை நன்றாக உலர்ந்தபின் கட்டச் சொல்லுங்கள். வழுக்கி விழும் பயம் இருந்தால் குளியலறையில் கட்டியிருந்து, வெளியே வந்ததும் கழற்றலாம். சார்ஜ் போடுவதும் அந்த நேரத்திலேயே ஆகட்டும், ஒரு மணி நேரம் எடுக்கும். அந்த ஒரு மணி நேரம் உங்கள் போனில் அம்மாவின் நாடி தெரியாது, அப்போது கூப்பிடுங்கள்.

அன்புடன்.