நேயர் விருப்பம்: அதே பாட்டு, அதே ஆள், அதே நேரம்

இணைய வானொலி நடத்தும் வாசகர்கள் கேட்டவை; ஒலிபரப்புக் குழுவின் பதில்கள்.

கேள்வி: எங்கள் நிலையத்தில், பாட்டுகளைத் தானாகத் தேர்ந்து போடும் ஆட்டோ டிஜே 24 மணி நேரமும் ஓடுகிறது. நேயர்கள் பாட்டுக் கேட்க விருப்பப் பக்கத்தைத் திறந்ததிலிருந்து அதே பத்துப் பாட்டுகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒரு பாட்டை மறுபடி போட எவ்வளவு இடைவெளி விடலாம்?

முதலில் நாளைக்கு எத்தனை விருப்பப் பாட்டுக்கு இடம் இருக்கிறது என்று கணக்கிடுங்கள். ஒரு பாட்டு சராசரியாக நாலரை நிமிடம் என்றால் மணிக்குச் சுமார் 13 பாட்டு ஓடும். அதில் மூன்றில் ஒரு பங்கை நேயர்களுக்கு விட்டால் மணிக்கு 4. ஒரு நாளைக்கு 96 இடம். இடைவெளி 4 மணி நேரம் என்று வைத்தால் ஒரே பாட்டு நாளைக்கு 6 முறை வரலாம். பத்துப் பாட்டும் சேர்ந்து 60 இடத்தை விழுங்கிவிடும். அதையே 11 மணி நேரமாக்கினால் சராசரியாக 22 இடத்தோடு அடங்கிவிடும். மீதி 74 இடமும் மற்ற பாட்டுகளுக்கு.

ஏன் 11, ஏன் 12 இல்லை என்று கேட்கலாம். 6, 8, 12 எல்லாம் 24-ஐ மீதமில்லாமல் வகுப்பவை. காலை எட்டு மணிக்கு ஓடிய பாட்டு மறுநாளும் எட்டு மணியை ஒட்டியே வந்து நிற்கும். தினமும் அந்த நேரத்தில் மட்டும் கேட்பவருக்கு உங்கள் நிலையத்தில் ஒரே பாட்டுதான் இருக்கிறது என்று தோன்றும். 7, 11 போன்ற எண்கள் பாட்டை நாளெல்லாம் நகர்த்திக்கொண்டே இருக்கும்.

இடைவெளியை எங்கிருந்து எண்ணுவது என்பதும் முக்கியம். கடைசியாக எப்போது ‘கேட்டார்கள்’ என்பதிலிருந்து எண்ணாதீர்கள். கடைசியாக எப்போது ‘ஓடியது’ என்பதுதான் கணக்கு. ஆட்டோ டிஜே தானாகப் போட்டதும் அதில் சேர வேண்டும். வானொலி நடத்தும் மென்பொருளான அசுராகாஸ்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் இந்த இடைவெளியை நிமிடத்தில் கேட்கும். 11 என்று போட்டால் 11 நிமிடம்தான். 660 என்று போட வேண்டும். அதன் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு எண், விருப்பம் வந்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து ஒலிபரப்பலாம் என்பதற்கானது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

கேள்வி: இடைவெளி எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் அதே பாட்டு இரண்டு முறை வந்துவிடுகிறது. மென்பொருளில் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு உங்கள் பாட்டுக் கோப்புகளின் நூலகத்தில்தான். ஒரே பாட்டு படத்தின் ஆல்பத்தில் ஒன்று, ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்பில் ஒன்று, யாரோ கொடுத்த 128 கேபிபிஎஸ் பிரதி ஒன்று என மூன்று கோப்பாக இருக்கும். ஒன்றின் தலைப்பில் படத்தின் பெயரும் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் இறக்கிய தளத்தின் பெயர் இருக்கும். மென்பொருள் பார்ப்பது எழுத்தைத்தான். எழுத்து வேறு என்றால் பாட்டும் வேறு.

கையால் தேடித் தீராது. மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருளில் நூலகத்தை ஏற்றி, ஒலிரேகையை (கைரேகைபோல ஒலியிலிருந்தே எடுக்கும் அடையாளம்) வைத்து அடையாளம் காணச் சொல்லுங்கள். பெயர் எப்படி இருந்தாலும் ஒலி ஒன்றாக இருந்தால் ஒரே பதிவின் கீழ் வந்து சேரும். அதன் தரவுத்தளத்தில் இல்லாத பழைய பாட்டுகள் தனியே நிற்கும். அவற்றைக் கால அளவு வாரியாக அடுக்கி, ஒன்றிரண்டு வினாடி வித்தியாசத்தில் இருப்பவற்றைக் கேட்டுப் பாருங்கள். மேடைப் பதிவும் ஸ்டுடியோப் பதிவும் ஒலிரேகையில் வெவ்வேறுதான். நேயரின் காதுக்கோ இரண்டும் அதே பாட்டு. எனவே தலைப்பு ஒன்றாக இருந்தால் தடுக்கும் விதியும் கூடவே இருக்கட்டும்.

திரைப்பாடல் நிலையங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கலைஞர் என்ற இடத்தில் சில கோப்புகளில் பாடகர் பெயரும் சிலவற்றில் இசையமைப்பாளர் பெயரும் இருக்கும். ஒரே கலைஞருக்கு ஒரு மணி நேர இடைவெளி என்று விதி வைத்தால், இசையமைப்பாளர் பெயர் போட்ட பாட்டுகள் நூற்றுக்கணக்கில் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். பாடகர் பெயர் போட்டவை தப்பித்து அடுத்தடுத்து வரும். எதை எங்கே எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்து முழு நூலகத்தையும் திருத்தாமல் கலைஞர் இடைவெளியைத் தொடவே வேண்டாம்.

கோப்புகள் சுத்தமாக இருந்தும் இப்படி நடந்தால், காத்திருக்கும் விருப்பங்களின் வரிசையைப் பாருங்கள். இரண்டு பேர் ஐந்து நிமிட வித்தியாசத்தில் ஒரே பாட்டைக் கேட்கிறார்கள். பாட்டு இன்னும் ஓடவில்லை, ஆகவே ஓடியவற்றின் பட்டியலில் அது இல்லை. இரண்டுமே அனுமதி பெற்றுவிடும். விருப்பத்தை ஏற்கும்போது ஒரு சோதனை, பாட்டு ஒலிபரப்பாகும் முன் மறுபடி ஒரு சோதனை என இரண்டு இடத்திலும் வைக்க வேண்டும். ஆட்டோ டிஜே முன்கூட்டி எடுத்து வைக்கும் பாட்டுகளையும் குறையுங்கள். ஐந்தாறு எதற்கு, இரண்டு போதும்.

கேள்வி: ஒரே ஆள் நாலைந்து பெயரில் வந்து ஒரே பாட்டைக் கேட்கிறார். ஐபி முகவரியைத் தடை செய்யலாமா?

வேண்டாம். மொபைல் இணையத்தில் ஒரே பொது ஐபியின் பின்னால் நூற்றுக்கணக்கானோர் இருக்கலாம். ஒருவரை நிறுத்தப் போய் ஒரு கூட்டத்தையே வெளியே நிறுத்துவீர்கள். அந்த ஒருவரோ வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திரும்பி வருவார். உலாவியில் பதியும் அடையாளக் குறிப்பான குக்கியை மட்டும் நம்பினாலும், தனிமை உலாவலில் (இன்காக்னிட்டோ) கதை முடிந்தது.

கேட்பதற்கு லாகின் வேண்டாம், விருப்பம் கேட்க மட்டும் லாகின் வேண்டும் என்று வையுங்கள். ‘மணிக்கு மூன்று’ என்ற வரம்பைவிட ‘ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான் காத்திருக்கலாம்’ என்பது நன்றாக வேலை செய்கிறது. முதல் பாட்டு ஓடி முடிந்தால்தான் அடுத்ததைக் கேட்க முடியும். விதியை விளக்கவே தேவையில்லை.

எல்லாரும் ‘எனக்கு முதல் விருப்பமே ஏற்கவில்லை, காத்திருக்கச் சொல்கிறது’ என்று புகார் செய்தால் வேறு காரணம். உங்கள் சர்வர் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியின் (நேயரின் கோரிக்கையை முதலில் வாங்கி சர்வருக்குக் கடத்தும் இடைநிலை சர்வர்) பின்னால் இருக்கும். பிராக்ஸியின் ஐபியையே எல்லா நேயரின் ஐபியாகவும் எடுத்துக்கொண்டிருக்கும். நேயரின் உண்மையான முகவரியைக் கோரிக்கையோடு போகும் தலைப்புத் தகவலில் (ஹெடர்) அனுப்பும்படி பிராக்ஸியையும், அந்தப் பிராக்ஸியிலிருந்து வந்தால் மட்டும் அதை நம்பும்படி மென்பொருளையும் அமைக்க வேண்டும். யார் அனுப்பினாலும் நம்பு என்று விட்டால் பொய் முகவரி போட்டு வருவார்கள்.

கேள்வி: ‘இந்தப் பாட்டு இப்போது கிடைக்காது’ என்று வந்தால் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

மறுக்காதீர்கள், நேரம் சொல்லுங்கள். ‘இது 2.10-க்கு ஓடியது. இரவு 1.10-க்குப் பிறகு வரும். உங்கள் பெயரைச் சேர்க்கட்டுமா?’ என்று வந்தால் பாதிப் பேர் சேர்த்துவிட்டு வேறு பாட்டும் கேட்பார்கள். எட்டுப் பேர் சேர்ந்தாலும் பாட்டு ஒரு முறைதான்; அறிவிப்பில் எட்டுப் பெயரும் வரும். இதில் ஒரு ஓட்டை: காத்திருக்கும் பாட்டு, இடைவெளி முடிந்த நொடியே பாய்ந்து வரும். 0 முதல் 60 நிமிடம்வரை ஏதோ ஒரு கூடுதல் தாமதத்தைச் சேர்த்துவிடுங்கள்.

அதைவிட, உங்கள் விருப்பப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேலே ‘அதிகம் கேட்கப்பட்டவை’ என்று பத்துப் பாட்டு இருக்கிறதா? நேயர் அதைத்தான் தட்டுகிறார், அதனால் அதுவே மறுநாளும் மேலே நிற்கிறது. அதை எடுத்துவிட்டு, கடந்த 30 நாளில் ஓடாத பாட்டுகளில் இருபதை ஒவ்வொரு முறையும் மாற்றிக் காட்டுங்கள். எங்கள் கருத்தில், எந்தத் தடையையும்விட இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் பலன் அதிகம்.

கேள்வி: கேட்டதும் போடுவதில் சட்டச் சிக்கல் உண்டா?

எந்த நாட்டு உரிமம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 114-ஆம் பிரிவில் உள்ள சட்டப்பூர்வ உரிமத்தில் (ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனித்தனியே அனுமதி வாங்காமல், கட்டணம் கட்டி ஒலிபரப்புவது) ஓடும் நிலையம் என்றால் உண்டு. கேட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளோ, குறித்த நேரத்திலோ ஒலிக்கும் பாட்டுகளே நிகழ்ச்சியின் பெரும்பகுதியாகிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து 3 பாட்டு, ஒரே கலைஞரிடமிருந்து 4 பாட்டு என்பதும் உச்ச வரம்பு. வரப்போகும் பாட்டுகளின் தலைப்பை முன்கூட்டி வெளியிடவும் கூடாது. ஆக, மேலே சொன்ன நேரம் சொல்லும் வழி அங்கே சரிவராது. ‘பிறகு வரும்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பாட்டு சலித்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தப் பாட்டு தொடங்கும்போது எத்தனை பேர் கேட்கிறார்கள், இரண்டு நிமிடம் கழித்து எத்தனை பேர் என்று, ஒலியை நேயர்களுக்கு அனுப்பும் சர்வர் மென்பொருளான ஐஸ்காஸ்டின் எண்ணிக்கையில் பாருங்கள். இடைத்தேக்கத்தால் (பஃபர்) நேயருக்கு ஒலி சில வினாடிகள் தாமதமாகவே போய்ச் சேரும். அதற்காகத்தான் இரண்டு நிமிடம். ஒருமுறை பார்த்து முடிவுக்கு வராதீர்கள், இரவு பதினொரு மணிக்கு எந்தப் பாட்டுக்கும் கூட்டம் குறையும். வெவ்வேறு நேரங்களில் பத்து முறையாவது ஓடியதை எடுத்து, அதே நேரங்களில் ஓடிய மற்ற பாட்டுகளோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகும் சரிவு தெரிந்தால், விருப்பம் கேட்க அனுமதியில்லாத தனிப் பிளேலிஸ்டுக்கு இரண்டு வாரம் அனுப்பி வையுங்கள். கோப்பை அழித்துவிடாதீர்கள், மறுபடி ஏற்றினால் அது ஓடிய வரலாறு புதுக் கோப்போடு சேராமல் போகலாம்.