இதயச் செயலிழப்பு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொல்லிக்கொடுத்தால் அவர் சீக்கிரமே மறுபடி அட்மிட் ஆவதைத் தடுக்கலாம்?

இதய நோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். நான் முதலில் கேட்பது, வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதா என்றுதான்.

இதயம் பலவீனமானால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். மூச்சுத்திணறல் வருவதற்குச் சில நாள் முன்பே அது பெரும்பாலும் எடையில் தெரிந்துவிடும். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், தினமும் ஒரே மெஷினில் எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். அடுத்த செக்கப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று பொறுத்திருந்து, மூச்சு முட்டிய பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்காது. பகலில் யாரைக் கூப்பிடுவது, ராத்திரியில் யாரை என்று எண்களோடு பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள்.

அப்புறம், "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். கிளம்பும் அவசரத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளை மறுநாள் எடை 2 கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் பொறுமையாக மறுபடி சொல்லுங்கள். வீட்டில் சமைப்பவரும் மாத்திரை எடுத்துக்கொடுப்பவரும் கூட இருந்தால் நல்லது. இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று வார்டில் கேட்பார்கள். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டிஸ்சார்ஜின்போது செவிலியர் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்களிடம், அடுத்த 6 மாதத்தில் மறுபடி அட்மிட் ஆவதோ இறப்பதோ குறைவாக இருந்தது. அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மருந்து விஷயத்தில் அடிக்கடி பார்ப்பது: வீக்கம் வடிந்ததும் நீர் மாத்திரையை நிறுத்திவிடுவது. வீக்கம் வடிந்ததே அந்த மாத்திரையால்தான். மூட்டுவலிக்குத் தாங்களாகவே ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதும் நீரைத் தேக்கிவிடும். உப்பைக் குறைக்கச் சொன்னால் சிலர் சோடியம் குறைந்த மாற்று உப்புக்குப் போவார்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். தண்ணீர் அளவு ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர் சொன்னதை அப்படியே எழுதிக்கொடுங்கள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை கூடுதலாகத் தேவைப்படுகிறது, காலில் வீக்கம் ஏறுகிறது என்றால் எடை ஏறாவிட்டாலும் கூப்பிடச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ போனுக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். 7 முதல் 14 நாளுக்குள் மறுபரிசோதனைத் தேதியைக் கையில் கொடுத்தே அனுப்புங்கள், முதல் சில நாளுக்குள் நீங்களே ஒரு போன் செய்து அன்றைய எடையைக் கேளுங்கள்.