புத்தகம் பிடிக்கிறது, கக்கா மட்டும் டயப்பரில்

கக்கா பற்றிய படப்புத்தகம் வாசித்துக் காட்டியும் பையன் கழிப்பறை சீட்டில் கக்கா போகவில்லை, வேறு புத்தகம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இன்னொரு புத்தகம் வாங்க வேண்டாம், இருப்பதை வாசிக்கும் இடத்தை மாற்றுங்கள். இரண்டரை வயதுப் பையன் சீட்டில் உச்சா போகிறான், கக்காவுக்கு மட்டும் டயப்பர் கேட்டுத் திரைக்குப் பின்னால் ஒளிகிறான் என்றால் கதை புரியவில்லை என்று அர்த்தமில்லை; பெரும்பாலும் எப்போதோ இறுகி வலித்திருக்கும், அந்தப் பயத்தில் அடக்குகிறான், அடக்க அடக்க இன்னும் இறுகும்.

டயப்பரைப் பாருங்கள். ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தால் முதலில் மலச்சிக்கலைக் கவனியுங்கள்: தண்ணீர், பப்பாளி, கீரை, பால் அதிகம் குடித்தால் அதைக் குறைப்பது. இளகலாக இருந்தால், சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் டயப்பரோடவே சீட்டில் உட்கார வைத்து அங்கேயே வாசியுங்கள். கால் தொங்கக்கூடாது, அடியில் பலகை போடுங்கள். அஞ்சு நிமிஷம் போதும், எழுந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், உங்களிடம் இருக்கும் தாரோ கோமியின் 'எவ்ரிஒன் பூப்ஸ்' (எல்லோரும் கக்கா போவார்கள் என்று அர்த்தம்; ஜப்பானில் 1977இல் வந்தது), யானைக்குப் பெரிசு எலிக்குச் சின்னது என்று கூச்சத்தைப் போக்கும், அவ்வளவுதான். உட்காரப் பழக்குவதற்காக எழுதியதில்லை. பிறகு வாங்குவதென்றால், அதற்கு அலோனா ஃபிராங்கெலின் 'ஒன்ஸ் அபான் எ பாட்டி' (Once Upon a Potty; potty என்றால் குழந்தை கக்கா போக உட்காரும் சட்டி) பொருத்தம், ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிப் பதிப்பே இருக்கிறது.

ரத்தம் தெரிந்தாலோ வயிறு உப்பினாலோ இதெல்லாம் வேண்டாம், குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். மலமிளக்கி மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.