எண்ணெய்ப்பனை கேள்வி-பதில்: பயிற்சி மரத்தடியில் நடக்கட்டும்

பாமாயில் எடுக்கும் எண்ணெய்ப்பனை பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சென்னையிலிருந்து. நிலம் மதுராந்தகத்திலோ அரியலூரிலோ இருக்கிறது, கேள்வி வேளச்சேரியிலிருந்து வருகிறது. அதில் தவறில்லை. ஆனால் எழுதும்போது மரத்தின் வயது, மண், பாசன முறை, கடைசியாக உரம் வைத்த மாதம் ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள். இவை இல்லாத கடிதத்துக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

உத்திரமேரூர் பக்கம் 3 ஏக்கர் இருக்கிறது. ஏரிப் பாசனம், ஒரு கிணறும் உண்டு. எண்ணெய்ப்பனை போடலாமா? (அண்ணா நகர்)

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். 9 மீட்டர் முக்கோண நடவில் ஏக்கருக்கு 57 மரம். காய்ப்பு மரத்துக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர், கத்திரி வெயிலில் 300 லிட்டர் வரை தேவை. அதாவது ஏக்கருக்குத் தினமும் 11,000 முதல் 17,000 லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் பெரிய தண்ணீர் லாரி ஒன்று 12,000 லிட்டர் கொள்ளும். ஏக்கருக்கு ஒரு லாரி, கோடையில் ஒன்றரை லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உங்கள் பகுதி மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஏரி வற்றும் மாதங்களில்தான் மரம் தண்ணீருக்குத் தவிக்கும். மே மாதக் கடைசியில் கிணற்றை இறைத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஊறுகிறது என்று குறித்துப் பாருங்கள். 3 ஏக்கருக்குப் போதாவிட்டால் 1 ஏக்கர் மட்டும் நடுங்கள். ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு நிலமாக இருந்தால் மழைக்காலத்தில் நீர் தேங்கும், வடிகால் எடுக்காமல் நடக் கூடாது. குலை கொள்முதல் மையம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதையும் நடவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும்.

இலையெல்லாம் மஞ்சளாக இருக்கிறது. என்ன மருந்து அடிப்பது? (பெயர், ஊர் இல்லை)

எந்த இலை? அடி மட்டையா, குருத்தா? மரத்துக்கு என்ன வயது? ஒன்றும் எழுதாமல் மருந்து மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? அடி மட்டைகளில் வெயில் படும் ஓலை ஆரஞ்சு மஞ்சளாகி, மேல் ஓலையின் நிழல் விழுந்த பகுதி மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியம் பற்றாக்குறை. மரத்துக்கு ஆண்டுக்கு 500 கிராம் மக்னீசியம் சல்பேட் மண்ணில் இடுங்கள். ஓலை முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள் என்றால் பெரும்பாலும் பொட்டாஷ் (சாம்பல் சத்து) குறைவு. குருத்தோலை நுனி கொக்கிபோல வளைந்தாலோ சிறுத்துச் சுருங்கினாலோ போரான் குறைவு, மரத்துக்கு 100 கிராம் போராக்ஸ். மூன்றுக்கும் தெளிப்பு மருந்து தேவையில்லை. இலை மஞ்சளானதும் கடைக்கு ஓடும் பழக்கத்தை விடுங்கள்.

ஒரு மரத்தில் எத்தனை மட்டை இருக்கலாம்? (திருக்கழுக்குன்றம்)

குறைந்தது 40. பழுத்த குலையைத் தாங்குவதைத் தவிரப் பச்சை மட்டை எதையும் வெட்டாதீர்கள்.

நான் ஒரு தொண்டு அமைப்பில் இருக்கிறேன். சிறு விவசாயிகள் 60 பேருக்கு எண்ணெய்ப்பனைப் பராமரிப்புப் பயிற்சி தர வேண்டும். மண்டபம் பிடித்து, ஒரு நாள் முழுக்க ஸ்லைடு போட்டு நடத்தலாம் என்று திட்டம். என்னென்ன தலைப்பு வைக்கலாம்? (தாம்பரம்)

மண்டபத்தை ரத்து செய்துவிடுங்கள். இந்தப் பயிர் இறங்கிய நாளிலிருந்து நடக்கும் தவறு இதுதான். பட்டாதாரரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறோம், சாப்பாடு போட்டு அனுப்புகிறோம். குலை வெட்டுகிற ஆள் அந்த மண்டபத்துக்குள் வருவதே இல்லை. உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களும் இல்லை, உரம் வைக்கும் கையும் இல்லை. பிறகு பழுக்காத குலை வருகிறது என்று ஆலை குறை சொல்கிறது, விலை பிடிக்கிறார்கள் என்று விவசாயி குறை சொல்கிறார். வேலை செய்கிற கைக்குக் கற்றுக்கொடுக்காத பயிற்சியால் யாருக்கும் பயனில்லை.

60 பேரை 15 பேர் கொண்ட நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேராவது வெட்டும் ஆட்களும் பழம் பொறுக்குபவர்களுமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள், கூலி இழந்து யாரும் பாடம் கேட்க வரமாட்டார்கள். முழு நாள் வேண்டாம். மூன்று காலை போதும், 7 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்குள் முடித்துவிடலாம்.

முதல் காலை, அறுவடை. காய், அரைப் பழம், பழம், முற்றிக் கனிந்தது என நான்கு குலையை வரிசையாகத் தரையில் வையுங்கள். எதை வெட்டலாம் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மேல்நிறத்தைப் பார்த்துத் தவறாகச் சொல்வார்கள். அப்போது ஒவ்வொரு குலையிலிருந்தும் ஒரு பழத்தை எடுத்து நகத்தால் கீறிக் காட்டுங்கள். காயின் சதை வெளிர் மஞ்சளாக, வறண்டு இருக்கும். பழத்தின் சதை ஆரஞ்சாகி, விரலில் எண்ணெய் பிசுபிசுக்கும். சதையில் எண்ணெய் ஏறுவது கடைசிச் சில வாரங்களில்தான். அதற்கு முன் வெட்டினால் குலை எடை போடும், எண்ணெய் வராது. மரத்தில் இருக்கும்போது அடையாளம், 5 முதல் 10 பழம் தானாக உதிர்ந்து கீழே கிடப்பது. அதைக் கண்ட பிறகே குலை வெட்டும் உளியை எடுக்க வேண்டும்.

காய் ஏன் வெட்டப்படுகிறது என்பதையும் அங்கேயே பேசுங்கள். வெட்டும் ஆள் 20 நாளுக்கு ஒருமுறை வருகிறார், டன் கணக்கில் கூலி வாங்குகிறார். அடுத்த முறை வரும்வரை நிற்காது என்று அரைப் பழத்தையும் சேர்த்து இறக்கிவிடுகிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. 10 முதல் 12 நாளுக்கு ஒரு சுற்று என்று முறை வையுங்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் வெட்டினால் ஆளுக்கும் கட்டுப்படியாகும், வண்டிக்கும் சுமை நிறையும். உதிரிப் பழம் பொறுக்கத் தனிக் கூலி வையுங்கள். குலையைவிட உதிரிப் பழத்தில் எண்ணெய் ஏறத்தாழ இரு மடங்கு, அதைத்தான் புல்லில் விட்டுவிட்டு வருகிறார்கள். மண்ணும் கல்லும் சேராமல் சாக்கில் தனியாகக் கட்ட வேண்டும். குலைக் காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது.

இரண்டாம் காலை, உரம். பெரும்பாலோர் கைப்பிடியால் அளக்கிறார்கள், கைக்குக் கை அளவு மாறுகிறது. ஒரு காலி டின்னை எடுத்து, ஒரு மரத்துக்கு ஒரு தவணைக்கான 650 கிராம் யூரியாவைத் தராசில் நிறுத்துப் போட்டு, அது நிற்கும் மட்டத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டுக்கும் பொட்டாஷுக்கும் தனித்தனிக் கோடு வேண்டும். யூரியா இலேசு, மற்ற இரண்டும் கனம். ஒரே கோட்டில் மூன்றையும் அளந்தால் கணக்கு கெட்டுவிடும். டின்னை அவரவர் கையில் கொடுத்தனுப்புங்கள், அச்சடித்த கையேட்டைவிட அதுதான் வேலைக்கு ஆகும்.

மூன்றாம் காலை, மட்டை. பழுத்த குலையைத் தாங்கும் மட்டையையும் காய்ந்ததையும் தவிர எதையும் வெட்டக் கூடாது. வெட்டியதைத் துண்டு போட்டு, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். கொளுத்தக் கூடாது, அதில் பொட்டாஷ் இருக்கிறது.

12 நாள் கழித்து அதே தோட்டத்துக்குத் திரும்பப் போங்கள். வெட்டிக் குவித்த குலைகளில் எத்தனை காய் என்று எண்ணுங்கள். பயிற்சி பலித்ததா என்பதற்கு அந்த எண்ணிக்கைதான் சான்று. வருகைப் பதிவேட்டை அதற்குக் காட்டாதீர்கள்.

5 வயது மரம். ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போடுகிறேன். போதுமா? (மதுராந்தகம்)

போதாது. மூன்றாம் ஆண்டிலிருந்து மரத்துக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 1,200 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 600 கிராம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைந்தது 1,200 கிராம். கடைக் கணக்கில் யூரியா 2.6 கிலோ, சூப்பர் 3.75 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. ஏக்கருக்கு யூரியா மட்டுமே 150 கிலோ, மூன்று மூட்டைக்கு மேல் வரும். நான்காகப் பிரித்து, மரத்தைச் சுற்றி 3 மீட்டர் வட்டத்துக்குள் பரவலாகத் தூவி, மண்ணோடு கிளறிவிட்டு, தண்ணீர் விடுங்கள். தூரை ஒட்டிக் குவிக்காதீர்கள். பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவை மட்டும் ஏற்றினால் மட்டை பசுமையாகத் தெரியும், குலை வராது.

6 வயது மரங்களில் ஆண் பாளையாகவே வருகிறது. வெட்டி எறிந்துவிடலாமா? (அரியலூரிலிருந்து சைதாப்பேட்டைக்குக் குடிவந்தவர்)

வெட்டாதீர்கள். பாளை ஆணா பெண்ணா என்பது அது விரிவதற்குச் சுமார் 2 ஆண்டு முன்பே குருத்துக்குள் முடிவாகிவிடுகிறது. இன்று நீங்கள் பார்ப்பது 2 ஆண்டுக்கு முந்தைய கோடையின் விளைவு. அந்த ஆண்டில் தண்ணீர் குறைந்ததா, உரம் தவறியதா, பச்சை மட்டையைக் கழித்தீர்களா என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நோட்டு இல்லையென்றால் இன்றே ஒன்று வாங்குங்கள். இப்போது சரிசெய்வதன் பலனும் 2 ஆண்டு கழித்துத்தான் தெரியும். ஆண் பாளையை விட்டுவைக்க இன்னொரு காரணம், அதில்தான் மகரந்த வண்டு இனம் பெருக்குகிறது.

பாளையில் சின்னச் சின்ன வண்டு மொய்க்கிறது. மருந்து அடிக்கட்டுமா? (பொன்னேரி)

கூடவே கூடாது. மேலே சொன்ன மகரந்த வண்டு அதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம், 1985ல் கேரளத்தில் விடப்பட்டு நாடெங்கும் பரவியது. அது செத்தால் குலையில் பழம் பிடிக்காது.

கன்று வைத்து 16 மாதம், பாளை வருகிறது. மகிழ்ச்சியாக இருக்கிறது, விட்டுவிடலாமா? (செய்யூர்)

நீக்கிவிடுங்கள். ஆண், பெண் இரண்டையும். இரண்டரை முதல் மூன்று வயது வரை மாதம் ஒருமுறை சுற்றி வந்து, பிஞ்சாக இருக்கும்போதே கையால் இழுத்தோ உளியால் குத்தியோ எடுங்கள். அந்தச் சத்து வேருக்கும் தண்டுக்கும் போகட்டும். விட்டுவைத்தால் சிறு குலைகள் பிடித்து அழுகிப் பூச்சியைக் கூட்டும். எடுக்கும்போது மட்டை உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊடுபயிராக வெண்டை போட்டிருக்கிறேன். வெளிச்சத்துக்காக மட்டைகளைச் சேர்த்துக் கட்டலாமா? (திருப்போரூர்)

கட்டக் கூடாது. மரம் வெயிலில்தான் சமைக்கிறது. முதல் மூன்று ஆண்டு வெண்டை, மிளகாய், உளுந்து எது போட்டாலும் வட்டப் பாத்திக்கு வெளியே போடுங்கள், ஏர் பாத்திக்குள் வர வேண்டாம்.

குலை விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்? (மயிலாப்பூர்)

2021ல் அறிவிக்கப்பட்ட தேசிய எண்ணெய்ப்பனைத் திட்டத்தில் ஒரு சூத்திரம் உண்டு. கச்சா பாமாயிலின் 5 ஆண்டுச் சராசரி விலையை மொத்த விலைக் குறியீட்டால் சரிக்கட்டி, அதில் 14.3 சதவீதம். உங்கள் மாவட்டத்துக்கு இந்த மாத விலை என்ன என்பதைத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். எடைச் சீட்டு வாங்காமல் குலையைக் கொடுக்காதீர்கள்.

மரம் உயர்ந்துவிட்டது. உளி எட்டவில்லை. அலுமினியக் கழியில் அரிவாள் கட்டி வெட்டலாமா? (அச்சிறுபாக்கம்)

வெட்டலாம், ஆனால் மின்கம்பி போகும் வரிசையில் ஒருபோதும் வேண்டாம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும், கழி கம்பியில் பட்டால் ஆள் பிழைப்பது அரிது. ஈர மட்டை கம்பியில் சாய்ந்தாலும் ஆபத்துதான். அந்த வரிசை மரங்களை மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே தொடுங்கள். வெட்டும் ஆளுக்குத் தலைக்கவசம் கொடுங்கள், குலை விழும் பக்கம் பழம் பொறுக்குபவர்களை நிறுத்தாதீர்கள். வெட்டியவுடன் கழியைத் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடக்கவே கூடாது. தரைக்கு இணையாகத் தாழ்த்திப் பிடித்துத்தான் நடக்க வேண்டும்.

நங்கநல்லூரில் வீட்டுக் கொல்லையில் அழகுக்காக ஒன்று வைக்கலாமா? (நங்கநல்லூர்)

வேண்டாம். மட்டை ஆறேழு மீட்டர் வரை நீளும், காம்பு முழுக்க முள். அந்த இடத்தில் ஒரு தென்னை வையுங்கள்.