இன்னும் எத்தனை கட்டை?

அன்புள்ள அண்ணா,

கிளிநொச்சியில் நாங்கள் ஐந்து பேர் மூன்று வருடமாகச் சேர்ந்து ஓடுகிறோம். விடிய ஐந்து மணிக்கு இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் தொடங்கி, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுவோம். யாரும் பெரிய ஓட்டக்காரர் இல்லை. ஒருவர் ஆசிரியர், ஒருவர் ஓட்டோ ஓடுகிறார், நான் கடை வைத்திருக்கிறேன். எங்களில் ஒருவன் மட்டும் மலைநாட்டில் நடக்கும் 100 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது.

எப்போதும் சிரித்துக் கதைக்கிறவன் இப்போது தொட்டதற்கெல்லாம் சினக்கிறான். நேற்று இல்லாத முழங்கால் நோ இன்றைக்கு இருக்கிறது என்கிறான். இரவில் போன் எடுத்து, ‘முடியாமல் போனால் என்ன செய்கிறது’ என்று கேட்கிறான். ‘பயப்படாதே, உன்னால் முடியும்’ என்று சொல்லிச் சொல்லி நாங்களும் களைத்துப்போனோம். அவனுடைய படம் போட்ட ரீசேட் அடித்து, சந்தியில் ஒரு பதாகை கட்டி, போவதற்கு முதல் நாள் இரவு விருந்து வைக்க யோசித்திருக்கிறோம். நல்ல சப்பாத்து ஒன்றும் வாங்கிக் கொடுக்க விருப்பம். எது நல்லது? நானும் ஓட்டோக்கார நண்பனும் வான் பிடித்து உதவிக்குப் போகிறோம். இந்த இரண்டு கிழமையில் நாங்கள் அவனுக்கு என்ன செய்ய வேண்டும்? நீங்கள் ஒருமுறை பள்ளிக்கூட மரதனைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகன்,
கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

முரசுமோட்டைப் பக்கம் றோட்டோரம் ஒரு மதகு இருக்கிறது. போன கிழமை பஸ் யன்னலால் அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு பழைய நாள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. மதகுக்குப் பிறகு வருகிறேன்.

சப்பாத்து வாங்க வேண்டாம். அவன் ஓடிப் பழகிய பழசுதான் நல்லது. விருந்தை அவன் திரும்பி வந்த பிறகு வையுங்கள். முதல் நாள் இரவு கொத்துரொட்டி தின்று வயிறு குழம்பினால் அவனுடைய உழைப்பெல்லாம் வீண். அவன் சினப்பதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். நீண்ட ஓட்டத்துக்கு முந்திய இரண்டு மூன்று கிழமையில் தூரத்தைக் குறைத்துவிடுவார்கள். தசை ஆறவும் உடம்பில் சக்தி சேரவும் அது வேண்டும். ஆனால் நாள்தோறும் ஓடியவனுக்குச் சும்மா இருப்பது பெரிய வேதனை. கால் ஓய்ந்ததும் மனம் ஓடத் தொடங்கிவிடும், இத்தனை நாளும் கவனிக்காமல் விட்ட சின்ன நோவெல்லாம் பெரிதாகத் தெரியும். வீக்கம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள், போதும்.

ஆனால் அந்தப் பதாகை. அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது தம்பி, மறைக்கவில்லை. அவனுடைய முகத்தைச் சந்தியில் கட்டிவிட்டு, ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவன் 70ஆவது கிலோமீற்றரில் தலை சுற்றி நெஞ்சு அடைத்தால் நிற்பானா? பதாகையை நினைத்து ஓடுவான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் உரிமையை நீங்கள் அன்பு என்ற பெயரில் அவனிடமிருந்து பறிக்கிறீர்கள். அச்சுக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் நிற்பாட்டுங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

‘பயப்படாதே’ என்று சொல்வதும் அப்படித்தான். 100 கிலோமீற்றர் ஓடப் போகிறவன் பயப்படாமல் வேறு யார் பயப்படுவது? இரவில் போன் எடுத்து, ‘முடியாமல் போனால் என்ன செய்கிறது’ என்று கேட்கிறான் என்றால், அவன் உங்களிடம் ஒரு பதிலை எதிர்பார்க்கிறான். பதிலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. ‘முடியாமல் போனால் வான் நிற்கும், ஏற்றிக்கொண்டு வருவோம், வழியில் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கித் தின்போம்.’ இதை ஒருவராவது அவனுக்குச் சொன்னீர்களா? சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு இரவு நித்திரை கொள்வான்.

சரி, மதகுக்கு வருகிறேன்.

1993. எங்கள் பகுதிப் பாடசாலைகளுக்கிடையில் மரதன் வைத்தார்கள். தருமபுரத்தில் தொடங்கி முரசுமோட்டை கடந்து பரந்தன் சந்தியில் முடியும், ஒன்பது பத்துக் கட்டை (மைல்) வரும். அது பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் கிடையாது, மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஓட்டக்காரருக்குப் பின்னால் போனதெல்லாம் சைக்கிள்தான். என் கூட்டாளி ஓடினான், நான் அவனுக்குப் பக்கத்தில் லுமாலா சைக்கிளில் போனேன். ஹாண்டிலில் குளுக்கோஸ் கரைத்த போத்தல், சட்டைப் பொக்கெற்றில் உப்புத் தடவிய பாதித் தேசிக்காய், கழுத்தில் நனைத்த துவாய். அவன் வெறுங்காலோடு ஓடினான். தார் கழன்று கிரவல் தெரிந்த றோட்டு. உள்ளங்காலில் கல் குத்தும்போதெல்லாம் அவனுடைய வலது தோள் மட்டும் ஒரு தரம் துள்ளும். இப்போதும் அந்தத் தோள் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பாதிக்கு மேல் வந்தபோது மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான். “இன்னும் எவ்வளவு?” என்று கேட்டான். முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. “உந்தா, அந்த வளைவோட சரி” என்றேன். அவன் வேகம் எடுத்தான். வளைவு வந்தது, அதற்கு அங்காலும் றோட்டு நீண்டு கிடந்தது. திரும்பக் கேட்டான். “அந்தப் புளியமரத்தடிதான்.” புளியமரமும் வந்து போனது. மூன்றாம் தரம் அவன் கேட்கவில்லை. நானே சொன்னேன், “கொஞ்சத் தூரம்தான்ரா.” அவன் அப்படியே நின்று, போய் மதகில் குந்தினான். களைத்து விழவில்லை, காலும் பிடிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: “மூண்டு கட்டை எண்டு சொல்லியிருந்தால் மூண்டு கட்டைக்கு ஏத்த மாதிரி ஓடியிருப்பன். நீ என்னை அந்த வளைவில முடிச்சுப்போட்டாய்.”

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களைக் கடந்து போனார்கள். குளுக்கோஸ் போத்தலை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

தம்பி, இரண்டு கிழமைக்குள் நீங்கள் படிக்க வேண்டியது இது ஒன்றுதான். உங்கள் வாயைப் பழக்குங்கள். ‘கொஞ்சத் தூரம்தான்’ என்று ஓடுகிறவனிடம் சொல்லாதீர்கள். ‘கிட்ட வந்திட்டாய்’ என்றும் சொல்லாதீர்கள். நூறு கிலோமீற்றர் ஓடுகிறவனிடம் இருப்பது அளந்து செலவழிக்க வேண்டிய கையிருப்பு. எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால்தான் இந்த ஏற்றத்தில் நடப்பதா ஓடுவதா என்று அவனால் முடிவெடுக்க முடியும். நீங்கள் சொல்லும் பொய்யை நம்பி அவன் மிச்சத்தை எல்லாம் கொட்டிவிடுவான். பொய் உடையும் இடத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். வானில் அடுத்த இடத்துக்குப் போயிருப்பீர்கள். அவன் தனியே, இருட்டில், தலையில் ஒரு லைற்றோடு நிற்பான்.

இது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். கட்டை என்றால் நமக்கு மைல். உங்கள் ஊரில் 155ஆம் கட்டை என்று ஓர் இடத்துக்கே பெயர் இருக்கிறது. கண்டியிலிருந்து எண்ணி வந்த கட்டை அது. மைல் கணக்குப் போய்க் கிலோமீற்றர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் பெயர் போகவில்லை. இப்படித் தூரத்தை எண்ணி ஊருக்குப் பெயர் வைத்த நாங்கள், வழி கேட்கிறவனுக்குச் சொல்வது என்ன? ‘உதிலதான்.’ கேட்டவன் நாலு கட்டை நடப்பான். இரக்கத்தில்தான் சொல்கிறோம், எனக்குத் தெரியும். நானும் இரக்கத்தில்தான் சொன்னேன்.

தென்னாபிரிக்காவில் 1921 முதல் கொம்ரேட்ஸ் என்றொரு ஓட்டம் நடக்கிறது. டேர்பனுக்கும் பீற்றர்மரிற்ஸ்பேர்க்குக்கும் இடையில் ஏறக்குறைய 90 கிலோமீற்றர், 12 மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அங்கே வழியில் வைக்கும் பலகைகள் ஓடிய தூரத்தைக் காட்டுவதில்லை, மிச்சத் தூரத்தைத்தான் காட்டும். ஓடத் தொடங்கி இன்னும் வியர்க்கவில்லை, பலகையில் எண்பதுக்கு மேல் ஓர் எண் நிற்கும். கொடுமை என்று நினைப்பீர்கள். எனக்கு அதுதான் மரியாதையாகத் தெரிகிறது.

எங்கள் அம்மம்மா வீடு முள்ளியவளையில். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் அந்தப் பக்கத்தால் வருவார்கள். படலையடியில் மோர்ப்பானையோடு நிற்பா. முடியுமா என்றும் கேட்கமாட்டா, கதிர்காமம் கிட்டத்தான் என்றும் சொல்லமாட்டா. மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த நல்ல தண்ணி எந்தக் கிணற்றில் என்று சொல்லுவா, அங்கே போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்றும் சொல்லுவா. அவ்வளவுதான். அந்தப் பேரப்பிள்ளைதான் மதகடியில் பொய் சொன்னவன்.

2009 தை மாதம் விசுவமடுவிலிருந்து உடையார்கட்டுப் பக்கம் நடந்தோம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. இன்னும் எவ்வளவு தூரம் அப்பா என்று கேட்டாள். என் வாய் பழக்கத்தில், “உந்தா” என்று தொடங்கிவிட்டது. எங்களோடு அதே கூட்டாளி வந்தான், அரிசி மூட்டையும் தறப்பாளும் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு. அவன் என்னைப் பேசவிடவில்லை. குனிந்து பிள்ளையிடம், “நாலு கட்டை அம்மா. ஒரு கட்டைக்கு ஒருக்கா இருக்கலாம்” என்றான். அவள் நாலு விரலை விரித்துப் பிடித்தாள். ஒவ்வொரு தரம் இருந்து எழும்பும்போதும் ஒரு விரலை மடக்கினாள். கடைசியில் மிஞ்சிய ஒற்றை விரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அழவில்லை. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

உங்களுக்கு வருகிறேன். போட்டி விதிகளை அவனோடு இருந்து வாசியுங்கள். குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் உதவி கொடுத்தால் ஓடுகிறவரையே நீக்கிவிடும் போட்டிகள் உண்டு. எந்த இடத்தில் யார் நிற்பது, அங்கிருந்து அடுத்த இடம் எத்தனை கிலோமீற்றர், அதில் ஏற்றம் எவ்வளவு என்பதை ஒரு மட்டையில் எழுதிக் கையில் வைத்திருங்கள். வன்னியில் ஓடிப் பழகிய காலுக்கு வெயில் தெரியும், மலை தெரியாது. ஏற்றத்தையும் மறைக்காதீர்கள். அவன் கேட்டால் மட்டையைப் பார்த்து, எண்ணைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வாயைத் திறக்க வேண்டாம்.

தண்ணீரைத் திணிக்காதீர்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். 2002இல் பொஸ்ரன் மரதன் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 13 வீதமானவர்களுக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது நிறை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அவித்த உருளைக்கிழங்கில் உப்புத் தூவி வையுங்கள், பனங்கட்டி வையுங்கள். இரண்டையும் இந்த இரண்டு கிழமைக்குள் ஓடும்போது தின்று பார்க்கச் சொல்லுங்கள். நோக் குளிசை மட்டும் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஐபுபுரோபன் போன்றவை நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பேச்சுக் குழறினாலோ, நீங்கள் யார் என்று தடுமாறினாலோ அதோடு ஓட்டம் முடிந்தது. அவன் திட்டினாலும் விடாதீர்கள், உடனே வைத்தியக் குழுவிடம் கொண்டுபோங்கள்.

நேற்றுப் பின்னேரம் கூட்டாளிக்குப் போன் எடுத்து உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவன் இப்போது முரசுமோட்டையில் தோட்டம் செய்கிறான். பதாகை வந்த இடத்தில் ஏதோ முணுமுணுத்தான். முழுதும் கேட்டு முடித்த பிறகு, “மொத்தம் எத்தனை கட்டை?” என்று கேட்டான்.

“62.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவனுக்குப் பின்னால் தண்ணீர் இறைக்கும் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது.

“பெடியனைக் கால் நகத்தை வெட்டச் சொல்லு” என்றான். “ஓடுற அண்டைக்கு வெட்டக்கூடாது. மூண்டு நாலு நாளைக்கு முதல் வெட்டவேணும்.”

அன்புடன்,
அண்ணா