ஸ்ட்ரைக் என்றால் இழப்பீடு கிடையாதா? முதலில் யாருடைய ஸ்ட்ரைக் என்று கேளுங்கள்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறோம். நான், மனைவி, 6 வயது மகள் மூவரும் பிராங்க்பர்ட்டிலிருந்து லிஸ்பன் போக ஒரு ஐரோப்பிய விமான நிறுவனத்தில் டிக்கெட் எடுத்திருந்தோம். காலையில் விமான நிலையத்துக்குப் போன பிறகுதான் கேபின் ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு ஸ்ட்ரைக், விமானம் ரத்து என்று தெரிந்தது. அவர்களுடைய ஆப்பில் 'பணத்தைத் திரும்பப் பெற', 'வவுச்சர் பெற' என்று இரண்டே பட்டன். போனில் 50 நிமிடம் இசை கேட்டதுதான் மிச்சம். பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டு, இரவு ஓட்டலில் தங்கி, மறுநாள் வேறு விமானத்தில் இரண்டு மடங்கு விலை கொடுத்துப் போனோம். இழப்பீடு கேட்டதற்கு, 'வேலைநிறுத்தம் எங்கள் கட்டுப்பாட்டை மீறிய அசாதாரண சூழ்நிலை' என்று பதில் வந்திருக்கிறது. விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது ஒரு அச்சடித்த பதில். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஏழெட்டுப் பேர் 'சரி, ஸ்ட்ரைக்குக்கு அவர்கள் என்ன செய்வார்கள்' என்று போய்விடுவார்கள், அந்தக் கணக்கில்தான் அனுப்புகிறார்கள் என்பது என் சந்தேகம்.

உங்கள் பயணத்துக்குப் பொருந்துவது விமானப் பயணிகளின் இழப்பீட்டு உரிமை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி. ஒன்றியத்துக்குள் இருக்கும் விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் இது பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும்போது மட்டும் நிறுவனம் ஒன்றியத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அசாதாரண சூழ்நிலை என்றால் இழப்பீடு தர வேண்டாம் என்ற விலக்கு இந்த விதியில் இருப்பது உண்மைதான். அதன் முன்னுரையில் வேலைநிறுத்தம் என்ற சொல்கூட உதாரணமாக வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இவர்கள் தொங்குகிறார்கள்.

ஆனால் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதை எப்போதோ தெளிவுபடுத்திவிட்டது. நிர்வாகம் மறுசீரமைப்பு என்று அறிவித்ததும் டுயிஃப்ளை என்ற ஜெர்மன் விமான நிறுவனத்தின் ஊழியர்கள் கும்பலாக 'உடம்பு சரியில்லை' என்று லீவு போட்ட வழக்கில், அது நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்தில் வரக்கூடிய விஷயம்தான், அசாதாரணம் ஆகாது என்று 2018-இல் சொன்னது. சரி, அது திடீர் போராட்டம், சங்கம் முறைப்படி அறிவித்த ஸ்ட்ரைக் வேறு என்று நிறுவனங்கள் வாதாடின. 2019-இல் எஸ்.ஏ.எஸ். என்ற ஸ்காண்டிநேவிய விமான நிறுவனத்தின் விமானிகள் ஏழு நாள் நடத்திய ஸ்ட்ரைக் பற்றிய வழக்கில் 2021 மார்ச்சில் அந்தக் கதவும் மூடப்பட்டது: சொந்த ஊழியர்கள் சம்பளத்துக்காக, வேலை நேரத்துக்காகச் சட்டப்படி நடத்தும் ஸ்ட்ரைக் அசாதாரண சூழ்நிலை ஆகாது. ஊழியரோடு சம்பளம் பேசுவது முதலாளியின் வேலை, பேசி முடிக்காவிட்டால் அதன் செலவும் அவருடையது.

அதனால் யாருடைய ஸ்ட்ரைக் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களோ விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை ஊழியர்களோ வேலையை நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் நிறுவனம் தப்பிக்கும், அப்போதும் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்ததாக அதுதான் நிரூபிக்க வேண்டும். உங்களுடையது அந்த நிறுவனத்தின் சொந்த கேபின் ஊழியர்கள், சம்பள உயர்வுக் கோரிக்கை. இதைவிடச் சுத்தமான வழக்கு கிடைப்பது கஷ்டம்.

பிராங்க்பர்ட், லிஸ்பன் இடையே 1,500 கிலோமீட்டருக்கு மேல், ஒன்றியத்துக்குள்ளேயே. ஆகவே அந்த விதிப்படி தலைக்கு 400 யூரோ, மூவருக்கு 1,200. மகளுக்கும் டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள், அவளுக்கும் முழுத் தொகைதான், சின்னப் பிள்ளை என்று குறைக்க முடியாது. டிக்கெட் பணம் ஏற்கெனவே வந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், அது வேறு, இது வேறு. 14 நாளுக்கு முன்பே ரத்தைச் சொல்லியிருந்தால் இந்த 400 கிடைத்திருக்காது. உங்களுக்கோ கவுன்டரில் நிற்கும்போது சொல்லியிருக்கிறார்கள்.

ஓட்டல், சாப்பாடு பற்றிச் சொல்கிறேன். அசாதாரண சூழ்நிலையிலேயே கூட கவனிப்புக் கடமை, அதாவது காத்திருக்கும் பயணிக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தரும் கடமை, நிறுவனத்துக்கு உண்டு; 2010 ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் வானமே மூடிக்கிடந்தபோதும் அந்தக் கடமை தீரவில்லை என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் நீங்கள் பணத்தைத் திரும்பக் கேட்ட பட்டனை அழுத்திவிட்டதால், 'அந்த நிமிடமே எங்கள் பொறுப்பு முடிந்தது' என்பார்கள். புது டிக்கெட்டின் கூடுதல் விலைக்கும் இதே வாதம்தான் வரும். இந்த இடம் 400 யூரோ அளவுக்கு இரும்புக்கோட்டை இல்லை என்பதை மறைக்க மாட்டேன். உங்கள் பக்கம் என்னவென்றால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்று விமானமா என்ற தேர்வைப் பயணியிடம் முழுதாகத் தர வேண்டியது நிறுவனம். மாற்று விமானத்துக்குப் பட்டனே வைக்காமல், போனையும் எடுக்காமல் விட்டுவிட்டு, 'நீங்களாகத் தேர்ந்தெடுத்தீர்கள்' என்றால் அது தேர்வா? தேர்வே தரப்படாதபோது விலை வித்தியாசத்தைப் பயணி கேட்கலாம் என்று ஐரோப்பிய ஆணையத்தின் விளக்கக் குறிப்புகளும் சொல்கின்றன. அந்த இரண்டு பட்டனின் ஸ்கிரீன்ஷாட், 50 நிமிடம் காட்டும் கால் பதிவு, இரண்டும் இருந்தால் உங்கள் கை ஓங்கும். (மற்றவர்களுக்கு: கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய வவுச்சரைத் தலையில் கட்ட முடியாது. அவசரத்தில் எதையும் அழுத்தாதீர்கள்.)

இப்போது செய்ய வேண்டியது இதுதான். விமானத்தை உண்மையில் இயக்க வேண்டியிருந்த நிறுவனத்துக்கு, ஏஜென்ட்டுக்கு அல்ல, எழுத்தில் கேளுங்கள்: 1,200 யூரோ இழப்பீடு, ஓட்டல், சாப்பாடு, விலை வித்தியாசம் என்று தனித்தனியாக. 2021 தீர்ப்பின் எண் சி-28/20, அதைக் குறிப்பிடுங்கள், குரல் மாறுவதைப் பார்ப்பீர்கள். இரண்டு மாதத்தில் மசியவில்லை என்றால் ஜெர்மனியில் பயணிகளுக்கான சமரச அமைப்பு இருக்கிறது, நிறுவனம் அதில் சேர்ந்திருந்தால் உங்களுக்குச் செலவில்லை. அதற்கும் அசையாவிட்டால் கிளம்பிய இடத்தின் நீதிமன்றத்திலேயே, அதாவது பிராங்க்பர்ட் உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், இந்த மாதிரித் தொகைக்கு அங்கே வக்கீல் கட்டாயமில்லை (என் தொழிலுக்கு நானே குழி தோண்டுகிறேன்). இணையத்தில் 'நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று வரும் கம்பெனிகள் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும், அவர்களிடம் போவதானால் கடைசியில் போங்கள். ஜெர்மன் சட்டப்படி சம்பவம் நடந்த ஆண்டு முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டு கெடு இருக்கிறது, அவசரமில்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அவசரம். விமான நிலையத்தில் சாப்பிட்ட ரசீதுகள் பர்ஸில் கிடக்கின்றனவா? அந்தப் பளபளத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். இன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.