வண்டியை எங்கே விடுவது?

கேள்வி: என் பெண் அமெரிக்காவில், போர்ட்லண்டை ஒட்டிய பீவர்ட்டனில் இருக்கிறாள். அங்கே ‘லைட் ரயில்’ ஸ்டேஷனிலேயே காரை இலவசமாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்களாம். இங்கே எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் 3 கிலோமீட்டர். வண்டி விட இடமில்லை. ரோட்டோரம் நிறுத்திய ஸ்கூட்டரில் இரண்டு தடவை பெட்ரோல் திருடு போய்விட்டது. அங்கே மாதிரி பெரிய பார்க்கிங் கட்டச் சொல்லி நாமும் கேட்கலாமா? லைட் ரயில் என்றால் என்ன?
— ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்ட், பெங்களூரு

பதில்: பெட்ரோல் போன கதையைப் படித்ததும் வயிறு எரிந்தது அம்மா. பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடுக்கு முதல் மெட்ரோ 2011 அக்டோபரில் ஓடியது. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை ஏழு வருஷம், ராமமூர்த்தி நகரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து பையப்பனஹள்ளி ஸ்டாண்டில் விட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினேன். ஒன்பது மணி தாண்டினால் வண்டிகள் ஹேண்டிலோடு ஹேண்டில் கோத்துக்கொண்டு நிற்கும். சாயங்காலம் மழையில் என் வண்டியை வெளியே எடுக்க முன்னால் இருக்கும் நாலு வண்டியை நகர்த்த வேண்டும். சீட்டில் எப்போதும் ஒரு பால் கவரை மாட்டி வைத்திருப்பேன். அத்தனை இடைஞ்சலிலும் அந்த ஸ்டாண்ட் இல்லாவிட்டால் நான் மெட்ரோ பக்கமே போயிருக்க மாட்டேன். அதனால் உங்கள் கேள்வி எனக்குச் சின்னக் கேள்வி இல்லை.

லைட் ரயில் என்றால் எடை குறைந்த ரயில் என்று அர்த்தமில்லை, ஏற்றும் கூட்டம் குறைவு. நம் மெட்ரோவுக்குத் தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாவது கம்பியில் 750 வோல்ட் மின்சாரம். அதனால் அந்தப் பாதையில் யாரும் கால் வைக்க முடியாது. லைட் ரயிலுக்கு மின்சாரம் தலைக்கு மேல் கம்பியில் வருகிறது, ஊருக்குள் கார்களோடு சேர்ந்து தெருவிலேயே ஓடும். போர்ட்லண்டில் நடு ஊர்த் தெருக்கள் 200 அடிக்கு ஒரு முறை குறுக்கே வெட்டுவதால், இரண்டு பெட்டிக்கு மேல் கோத்தால் நிற்கும்போது வால் குறுக்குத் தெருவை மறித்துவிடும். அதனால் இரண்டே பெட்டி.

பீவர்ட்டன் பக்கத்தில் 1998-இல் திறந்த சன்செட் ஸ்டேஷனைத்தான் உங்கள் பெண் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். என் மகனைப் பார்க்கப் போனபோது அங்கிருந்துதான் ரயில் ஏறினோம். கார் நிறுத்தும் அடுக்குக் கட்டடத்தில் 622 இடம். “ஏழரைக்கு மேல் வந்தால் மேல் மாடி வரைக்கும் சுத்தணும்மா” என்றான் மகன். பெரும்பாலும் காருக்கு ஓர் ஆள்தான்.

இங்கேதான் எனக்குக் கணக்கு உதைக்கிறது. நம் ஆறு பெட்டி மெட்ரோ ஒன்றில் நெரிசல் நேரத்தில் 1,500 பேருக்கு மேல் ஏறுகிறார்கள். அவ்வளவு பெரிய கட்டடம் நிரம்பினாலும் ஒரே ஒரு ரயிலில் பாதிகூட நிரம்பாது! வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற ஊருக்கு அது சரி. ஒயிட்ஃபீல்டில் ஸ்டேஷன் வாசலில் அவ்வளவு நிலத்தைக் காருக்குக் கொடுத்தால், ஸ்டேஷனுக்கு வருகிற ரோட்டையும் அந்தக் கார்களே அடைத்துக்கொள்ளும்.

அதனால் கேளுங்கள், ஆனால் கார் பார்க்கிங் கேட்காதீர்கள். கூரை போட்ட, ரசீது தருகிற, ஆள் காவல் இருக்கிற இருசக்கர வண்டி ஸ்டாண்ட் கேளுங்கள். ஒரு கார் நிற்கிற இடத்தில் நாலைந்து ஸ்கூட்டர் நிற்கும். அதைவிட முக்கியமாக, உங்கள் தெரு வழியாக பி.எம்.டி.சி. (பெங்களூரு நகர பஸ் நிறுவனம்) ஃபீடர் பஸ், அதாவது வீட்டுப் பக்கத்திலிருந்து மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கொண்டு விடும் பஸ் கேளுங்கள். எம்.எஃப். என்று நம்பர் போட்டு ஓடுகிறதே, அந்த பஸ்தான். 3 கிலோமீட்டருக்கு அது போதும். வண்டியே எடுக்க வேண்டாம்.

தனியாக எழுதாதீர்கள். உங்கள் அடுக்ககத்திலும் பக்கத்து அடுக்ககங்களிலும் கையெழுத்து வாங்கி, மெட்ரோவுக்கு ஒன்று, பி.எம்.டி.சி.க்கு ஒன்று என்று இரண்டு மனு கொடுங்கள். யார் யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரவு ஒன்பதரைக்கு இறங்குகிற பெண்களைக் கட்டாயம் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.